ஆல்தோ தாஹோவில் சைக்கிள் பயணம்: ஏஜென்சிக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

ஸ்பெயினில் ஆல்தோ தாஹோ பக்கம் சைக்கிளில் போகவேண்டும், ஏற்பாடெல்லாம் யாராவது செய்து கொடுத்தால் நல்லது என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஜூன் மாதம் நானும் என் தம்பியும் போனோம். ஐந்து நாள், தங்குமிடம், வாடகை சைக்கிள், பைகளை ஊருக்கு ஊர் வண்டியில் கொண்டுவந்து சேர்ப்பது, போகவேண்டிய பாதையைத் திரையில் கோடாகக் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் 1,380 யூரோ. மொத்தத்தையும் முன்கூட்டியே வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலமாகவாவது கேட்டிருக்கலாம். அந்த வழியை நானே அடைத்துக்கொண்டேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறை இடத்தில் இல்லை. ஐபீரியத் தீபகற்பத்தின் மிக நீளமான ஆறு தாஹோ, லிஸ்பனில் போய்க் கடலில் சேர்கிறது. அதன் தலைமாட்டில், குவாதலஹாரா மாகாணத்தின் கிழக்குக் கோடியில், சுண்ணாம்புப் பாறையை ஆறு ஆழமாக அறுத்துக்கொண்டு போகும் பகுதிதான் ஆல்தோ தாஹோ. 2000ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். ஊர்களெல்லாம் சின்னச் சின்னவை, ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. ஒரு மணி நேரம் மிதித்தாலும் ஒரு கார்கூட எதிரே வராத சாலைகள் அங்கே உண்மையாகவே இருக்கின்றன. விளம்பரத்தில் ‘முழுக்க முழுக்க அமைதியான தார்ச்சாலை’ என்று போட்டிருந்ததை நம்பியதற்கு அதுதான் காரணம்.

சிகுவென்சா ஸ்டேஷனில் இறங்கி சைக்கிளை வாங்கினோம். 28 மில்லிமீட்டர் வழுவழுப்பான ரோடு டயர். இதோடு சரளையில் போக முடியுமா என்று கேட்டேன். எல்லாம் தார் ரோடுதான், கவலைப்படாதீர்கள் என்றார் கொடுத்தவர். கேரியரின் ஒரு போல்ட் ஆடிக்கொண்டிருந்தது, அதை மட்டும் முடுக்கிக் கொடுத்தார். பிரேக்கை நான் ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன், பிடித்தது, சரி என்று விட்டுவிட்டேன். பிரேக்கில் டிஸ்க்கைப் பிடிக்கும் பேடைக் குனிந்து பார்க்கவில்லை.

முதல் நாள் அருமை. கிளம்பிச் சில கிலோமீட்டரிலேயே பெலெக்ரீனா, கீழே துல்சே ஆற்றின் பள்ளத்தாக்கு. ஸ்பானிய மக்களுக்குக் காட்டுயிர்களைத் தொலைக்காட்சியில் அறிமுகப்படுத்திய ஃபெலிக்ஸ் ரொத்ரிகெஸ் தே லா ஃபுயென்தே படம் பிடித்த இடம் இது, அவர் பெயரில் சாலையோரம் ஒரு காட்சிமுனையே இருக்கிறது. அங்கே நின்றால் கழுகுகள் நம் கண்மட்டத்துக்குக் கீழே பறக்கின்றன. அன்று நாங்கள் அந்த ஏஜென்சியைப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் அவர்கள் கொடுத்த கோடு எங்களை என்-211 நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டது. அல்கோலியாவிலிருந்து மொலினா தே அரகோன் போகும் பெரிய சாலை, லாரிகள் ஓடும் சாலை. சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று ஸ்பெயினில் சட்டம் இருக்கிறது, பெரும்பாலான ஓட்டுநர்கள் விட்டார்கள், ஆனாலும் லாரி கடந்த பிறகு வரும் அந்தக் காற்று இழுப்பு ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைந்தது. 30 கிலோமீட்டருக்கு மேல் அப்படியே போனோம். ராத்திரி அறையில் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான், பாதித் தூரத்துக்காவது கிராமங்கள் வழியாகச் சின்னச் சாலைகள் இருந்தது தெரிந்தது. அந்த வழியை வரைந்தவர் ஒருநாளும் அங்கே சைக்கிள் ஓட்டியதில்லை என்று அப்போதே புரிந்திருக்கவேண்டும்.

மூன்றாம் நாள்தான் ஆபத்தாகிவிட்டது. காலையில் காய்யோ ஆற்றின் செம்பாறைப் பள்ளத்தாக்கு, பாறைக்கு அடியில் ஒட்டிவைத்தாற்போல ஓஸ் மாதா கோயில், நல்ல தார்ச்சாலை. காய்யோ தாஹோவில் கலக்கும் சான் பெத்ரோ பாலம் வரை ஒரு குறையும் இல்லை. அங்கே தார் முடிந்தது. அதற்கப்புறம் ஆற்றை ஒட்டிய காட்டுப்பாதை: சரளை, மண், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்மையான சுண்ணாம்புக் கல். அகல டயர் போட்ட சைக்கிளுக்கு அது சொர்க்கம். எங்கள் டயருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு பஞ்சர். கொடுத்திருந்ததே இரண்டு டியூப்.

ஓர் இறக்கத்தில் பின்னாலிருந்து தம்பியின் குரல்: “அக்கா, பிரேக் பிடிக்கலை, தள்ளிக்கோ!” நான் ஓரமாக ஒதுங்கினேன். அவன் என்னைத் தாண்டிப் போய், வேண்டுமென்றே மேட்டுப் பக்கத்துப் புதரில் விட்டு விழுந்தான். மறுபக்கம் ஆறு. முழங்கை தோல் உரிந்ததோடு போயிற்று. சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தேன். பின் பிரேக் பேடில் கறுப்புப் பூச்சே இல்லை, வெறும் தகடுதான் மிச்சம். டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்கு வரிவரியாகக் கீறல். லீவரை அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொட்டது. இது மூன்று நாளில் தேய்ந்ததல்ல. எங்களுக்கு முன்னாலும் எத்தனையோ பேர் இதே பேடோடு இறங்கியிருக்கிறார்கள். போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் கிடைக்காது.

தள்ளிக்கொண்டே போனோம். ஓர் இடத்தில் திரையில் இருந்த கோடு சட்டென்று வலப்பக்கம் திரும்பி ஆற்றைக் கடந்து அக்கரையில் தொடர்ந்தது. நாங்கள் கரையில் நிற்கிறோம், எதிரே பச்சையும் நீலமுமாகத் தெளிந்த தண்ணீர், நல்ல வேகம். பாலம் இல்லை, பழைய பாலத்தின் அடையாளம்கூட இல்லை. ஒரு காலத்தில் கான்செரோக்கள் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர்கள் கொக்கி மாட்டிய நீளக்கழியோடு பைன் மரங்களை மிதக்கவிட்டு அரான்ஹுவேஸ் வரை ஓட்டிச் சென்ற ஆறு இது. மரம் மிதக்கவிடும் அந்தத் தொழிலை 2022இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகச் சேர்த்தது. அதில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கச் சொல்கிறது அந்தக் கோப்பு. வந்த வழியே திரும்பினோம். அன்று தங்கவேண்டிய பெரலேஹோஸ் தே லாஸ் த்ருச்சாஸ் ஊருக்குச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.

அங்கே அறை இல்லை. ஏஜென்சி விசாரித்ததாகவும், உறுதி செய்யவோ பணம் அனுப்பவோ இல்லை என்றும் விடுதி அம்மா சொன்னார். ஆனாலும் எங்கள் கோலத்தைப் பார்த்துத் தன் வீட்டு அறையைத் திறந்துவிட்டார், பூண்டு சூப்பும் ரொட்டியும் கொடுத்தார், தம்பியின் முழங்கையைக் கழுவி மருந்து போட்டார். அவருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லவேண்டும். பைகள் மறுநாள் மதியம் வந்தன. பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டோம். மீதி இரண்டு நாளுக்கான பணம் திரும்பவில்லை. டயர் கிழிந்ததற்கு என்று சைக்கிளுக்குக் கொடுத்திருந்த வைப்புத்தொகையிலிருந்து 120 யூரோ பிடித்துக்கொண்டார்கள்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது அவர்களுடைய கையேட்டில் இருந்த ஒரு வரியால். ‘மாலையில் ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டிச் சமைத்து மகிழலாம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். 2005 ஜூலையில், இதே வட்டாரத்தில், ரீபா தே சாயெலிசெஸ் ஊருக்குப் பக்கத்தில் யாரோ இறைச்சி சுட மூட்டிய நெருப்பு காட்டில் பிடித்துச் சுமார் 13,000 ஹெக்டேர் எரிந்தது. அணைக்கப் போன குழுவில் 11 பேர் இறந்தார்கள். அந்த மண்ணில் தொழில் செய்கிறவர் இப்படி எழுதலாமா? கோடையில் அங்கே நெருப்பு மூட்டுவது தடை. கூடாரத்தையும் இஷ்டப்பட்ட இடத்தில் அடிக்க முடியாது. மாட்டினால் அபராதம் நமக்கு.

நீங்கள் போவதாக இருந்தால், தயவுசெய்து பணம் கட்டுமுன் அந்த ஜிபிஎக்ஸ் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கட்டிய பிறகுதான் தருவோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்பெயின் அரசின் தேசியப் புவியியல் நிறுவனம் தன் வரைபடங்களையும் விமானப் படங்களையும் ஐபர்பிக்ஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. ஏஜென்சியின் கோட்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள், எங்கே தார், எங்கே மண், ஆற்றைத் தாண்டும் இடத்தில் பாலம் இருக்கிறதா, எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்கவில்லை. டயர் அகலத்தை மின்னஞ்சலில் எழுத்தில் வாங்குங்கள், தாஹோ கரைக்கு 40 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் போகாதீர்கள். தங்குமிடங்களுக்கு நீங்களே ஒரு போன் போட்டு உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். சைக்கிளைக் கையில் வாங்கும்போது பேடையும் டிஸ்க்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கொடுப்பவர் எதிரிலேயே எடுங்கள். தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். ஊர்க் குழாய்களில் ‘நோ பொத்தாப்ளே’ என்று எழுதியிருந்தால் அது குடிக்கும் தண்ணீர் அல்ல.

ஏமாந்துவிட்டால் அங்கேயே ‘ஓஹா தே ரெக்லமசியோனெஸ்’ என்று கேளுங்கள். வாடிக்கையாளர் புகார்ப் படிவம் அது. எந்தக் கடையும் விடுதியும் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், ஒரு பிரதி நம் கையில் இருக்கும். தங்குமிடத்தையும் சைக்கிளையும் ஒரே விலையில் சேர்த்து விற்றவர், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண விதிப்படி அதில் சேர்ந்த எல்லாச் சேவைகளுக்கும் பொறுப்பு. ‘விடுதிக்காரர் தவறு, வண்டிக்காரர் தவறு’ என்று எங்களுக்கு எழுதிய பதில் அங்கே செல்லாது.

நான் புகார் கொடுத்துவிட்டேன், பேடின் போட்டோவும் ஆற்றைக் கடக்கும் அந்தக் கோட்டின் படமும் அதில் இருக்கின்றன. விசாரணை முடியும்வரை பெயரைப் பொதுவில் போடப்போவதில்லை. உங்களிடம் யாராவது மூன்றாம் நாளில் சான் பெத்ரோ பாலத்திலிருந்து பெரலேஹோஸ் வரை ‘முழுக்கத் தார்ச்சாலை’ என்று எழுதிய திட்டத்தைக் கொடுத்திருந்தால், பணம் அனுப்பாதீர்கள்.