அம்மா இருக்கும் முதியோர் இல்லம்: வருடங்கள் கழித்து என் கருத்து

அம்மா இந்த இல்லத்தில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. மறதி நோய் உண்டு. வாக்கர் பிடித்து நடப்பார், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இடம் பார்க்கப் போகிறவர்களுக்குத் தோட்டத்தையும் வரவேற்பறையையும் காட்டுவார்கள். எங்கள் அனுபவத்தில் அதைவிட ஆயிரம் மடங்கு முக்கியமானது, இரவு டியூட்டியில் எத்தனை பேர், எத்தனை முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது.

அம்மா விழுந்தது ஒரு பின்னிரவில், பாத்ரூமுக்குப் போக எழுந்தபோது. மணி அடித்துக் கூப்பிட வேண்டும் என்பது மறதி உள்ளவருக்கு நினைவிருக்காது. அன்றிரவே எங்களுக்கு போன் வந்தது. எந்த நேரம், காலில் என்ன செருப்பு, விளக்கு எரிந்ததா என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். கட்டிலின் இரு பக்கமும் கம்பி போடச் சொன்னார் அண்ணன். தலைமை நர்ஸ் மறுத்துவிட்டார். குழப்பத்தில் இருப்பவர்கள் கம்பி மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார்கள், கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கி உயிரே போன சம்பவங்களும் உண்டு என்றார். அதற்குப் பதிலாகக் கட்டிலைத் தாழ்த்தினார்கள். அம்மா எழும் நேரத்தைக் கவனித்து, அதற்கு முன்பே போய்க் கூட்டிச் செல்லத் தொடங்கினார்கள். இந்த இல்லத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

படுக்கைப்புண் விஷயத்திலும் ஆள் பலம்தான் பேசுகிறது. தானாகத் திரும்ப முடியாதவரை வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பார்கள். நல்ல மெத்தை இருந்தால் சிலருக்கு இடைவெளி கூடலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்த நாட்களில் குதிகால், இடுப்பு, வால் எலும்புப் பகுதியை நானே பார்ப்பேன். விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காத சிவப்பு இருந்தால் அது புண்ணின் தொடக்கம். நம்முடையது போன்ற கருத்த தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வரும் ஆயாக்கள் பலருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அது பெரிய குறை, நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

மாத்திரை பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஆள் குறைவான இடங்களில், இரவில் சத்தம் போடும் முதியவருக்கு அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்றவை மறதி நோய் உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. மருத்துவர் யோசித்துத் தரும் சந்தர்ப்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் திடீரென்று குழம்பினால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, உடலில் நீர் குறைந்தது ஆகியவற்றைத் தேட வேண்டும். அம்மா ஒரு முறை இரவெல்லாம் கத்தியபோது இங்கே சிறுநீர்ப் பரிசோதனைதான் எடுத்தார்கள். தொற்று இருந்தது, ஆன்டிபயாடிக்கில் தெளிந்தார். மருந்துப் பட்டியலில் புதுப் பெயர் வந்தால் எதற்கு, எத்தனை நாளுக்கு, யார் எழுதியது என்று கேட்டுவிடுங்கள்.

எடையை மாதாமாதம் எழுதுகிறார்கள், நல்ல விஷயம். ஒரே மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் உடனே காரணம் தேட வேண்டும்.

எனக்குத் தீராத மனத்தாங்கல் ஆட்கள் அடிக்கடி மாறுவதுதான். விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும், சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். பழகிய ஆயா இதைத் தவறாமல் செய்வார். அவர் விடுப்பில் போனால், வந்தவருக்கு அம்மாவைப் பற்றி எதுவுமே தெரிவதில்லை. இப்போது கட்டில் தலைமாட்டில் ஒரே ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி ஒட்டச் சொன்னேன், ஒட்டியும் விட்டார்கள். சனி, ஞாயிறுகளிலும் அதைப் படிக்கிறார்களா என்று பார்க்கத்தான் இப்போதெல்லாம் சொல்லாமல் போகிறேன்.