தண்டவாளம் போன வழியில் என் சைக்கிள்

முட்டி வலிக்காரர்களுக்கு முதலில் ஒரு நல்ல சேதி. சிங்கப்பூர் ரயில் காரிடாரில், அதாவது மலேசியாவுக்கு ரயில் ஓடி, இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கும் பழைய தடத்தில், மேடேறி மூச்சு வாங்க வேண்டியதில்லை. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தக் காலத்திலேயே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பித் தடம் போட்டுவிட்டார்கள். அதன் பலன் இன்று என் ஐம்பத்தாறு வயது முழங்காலுக்கு.

போன சனிக்கிழமை மகளோடு ஹில்வியூவிலிருந்து தெற்கே கிளம்பினேன். அவளுக்குச் சொந்த சைக்கிள், எனக்கு வாடகை. கடையின் பெயர் வேண்டாம். சீட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு அங்குலம் கீழே இறங்கியது. எடுக்கும் முன் நன்றாக அழுத்திப் பாருங்கள்.

காலை ஏழரைக்கே நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாயோடு வருபவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். தடம் தார் ரோடு இல்லை. சரளையும் புல்லுமாக இருக்கிறது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் சில இடங்களில் சக்கரம் வழுக்கியது. வேகமாகப் போகும் ஆசை இருந்தால் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் போய்விடுங்கள். இங்கே மணி அடித்து, காத்திருந்து, நன்றி சொல்லித்தான் போக முடியும். இரும்புப் பாலங்களில் படம் எடுப்பவர்களுக்கு நடுவே ஓட்டுவது நடக்காத காரியம். இறங்கித் தள்ளினேன்.

குரங்குகள் பற்றி ஒரு வார்த்தை. ஹேண்டிலில் தொங்கிய முறுக்குப் பொட்டலம் போயே போய்விட்டது.

புக்கிட் தீமா ஸ்டேஷனில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். சின்னக் கட்டடம், 1932-இல் கட்டியது. சிறுவயதில் கோலாலம்பூர் போகும்போது ஜன்னல் வழியே இங்கேதான் வேடிக்கை பார்ப்பேன். ஒற்றைத் தண்டவாளம் என்பதால், சாவி மாதிரி ஒரு உலோகத் துண்டு கையில் இருக்கும் ரயில்தான் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். அதைப் பெரிய வளையத்தில் கட்டி ஸ்டேஷன்காரர்கள் நீட்டுவார்கள். ரயில்காரர்கள் ஓடும் வண்டியிலிருந்து கையை விட்டு மாட்டிக்கொள்வார்கள். அந்த வளையம் தப்பிப்போனால் என்ன ஆகும் என்று அப்பாவை நச்சரிப்பேன்.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை மலேசியாவின் ஜோகூர் மாநில சுல்தானே ஓட்டிப் போனார். அப்புறம் 24 கிலோமீட்டர் தடத்தில் பெரும்பாலான தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். அந்த நிலத்தைக் கட்டடங்களுக்குக் கொடுக்காமல் பச்சையாக விட்டதற்காகவே நான் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன். ஒன்றைக் குறைத்தது நிழலுக்காக. பத்து மணிக்கு மேல் திறந்த வெளிப் பகுதிகளில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் இரண்டு பாட்டில் வேண்டும்.

புவோன விஸ்தா தாண்டி, காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஆட்கள் தண்டவாள ஓரத்தில் கும்பிட்ட சாமி அது. பின்னால்தான் இந்த இடத்துக்கு வந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, வியர்வையோடு நின்று கும்பிட்டேன்.

எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மடக்குகிற சைக்கிளைத்தான் ஏற்றலாம் என்று மகள் அப்போதுதான் சொன்னாள். சரி என்று திரும்பவும் மிதித்தோம். சீட் இறங்கிக்கொண்டேதான் வந்தது.