உப்புக்காத்துல ரெண்டு வருஷம் நாலு மாசம்: எங்க பட்டறை த்ரீடி பிரிண்டர்

எங்கள மாதிரியே கடக்கரையான தொண்டில இருக்க மாப்ள போன வாரம் போன் போட்டு, "உங்கள மாதிரியே நாங்களும் ஒரு பொதுப் பட்டறை ஆரம்பிக்கப் போறோம்டா, அந்த த்ரீடி பிரிண்டர் இப்ப விலை எறங்கியிருக்கு, வாங்கலாமா"ன்னு கேட்டான். அவன் கேட்ட நேரம் நான் அந்த மெஷினைத்தான் கவுத்துப் போட்டு அடியில இருக்க சர்க்யூட் போர்டைக் கழட்டிக்கிட்டு இருந்தேன், இதோட மூணாவது தடவை. "வாங்காத"ன்னு ஒத்த வார்த்தை சொல்லி வச்சுட்டேன். அது நியாயமில்லன்னு அப்புறம் தோணுச்சு, அதான் விவரமா எழுதுறேன்.

எங்க பட்டறை மண்டபம் ஊருக்குப் பக்கத்துல, முன்னாடி கருவாட்டு குடோனா இருந்த எடம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு ரோடும் கொஞ்சம் உடைமரமும்தான். இருபத்தி மூணு பேர் மாசம் முந்நூறு போட்டு நடத்துறோம். பிளாஸ்டிக்க உருக்கி அடுக்கடுக்கா ஊத்தி சாமான் செய்யிற மெஷின் இது, எல்லாருக்கும் தெரிஞ்ச சைஸ்தான், 220க்கு 220, உயரம் 250 மில்லிமீட்டர். நாங்க வாங்குனப்ப பதினெட்டாயிரம், இப்ப பதிமூணுக்கே கிடைக்குது.

மொதல்ல நல்லதச் சொல்லிர்றேன். மோட்டார் இன்னைக்கு வரைக்கும் ஒரு சத்தம் போட்டதில்ல. சக்கரமெல்லாம் பிளாஸ்டிக், சட்டம் அலுமினியம், ரெண்டும் துரு ஏறல. தடைக்காலம் வந்தா, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகெல்லாம் கரையில கெடக்கும்ல, அப்ப பயலுக எல்லாம் இங்கதான் இருப்பானுக, மெஷினுக்கு ராத்திரி பகல் ஓய்வே கிடையாது. வலை ஊசி, கண்ணி அளவு எடுக்கிற கட்டை, படகுல ஜிபிஎஸ் மாட்டுற ஸ்டாண்டுன்னு வரிசையா ஓடும். மொத ஸ்டாண்டை பிஎல்ஏங்கிற பிளாஸ்டிக்ல போட்டோம், எஞ்சின் பெட்டி மேல வெயில்ல ரெண்டு நாள்ல வாடுன வெத்தல மாதிரி தொங்கிருச்சு. பிஎல்ஏ 60 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சுரும், நம்ம வெயில்ல இரும்புத் தகடு மேல வச்சா அந்த சூட்டுக்குப் பக்கத்துல வந்துரும். இன்னும் சூடு தாங்குற பிஇடிஜி பிளாஸ்டிக்குக்கு மாத்துனோம், ஒன்றரை வருஷமா அப்படியே நிக்குது. பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு ஒண்ணு பாம்பன் பாலம் ரெண்டையும் செஞ்சா, 1914ல தொறந்த பழசு கதவு மாதிரி ரெண்டு பக்கமும் தூக்குறதும், 2025 ஏப்ரல்ல தொறந்த புதுசுல 72.5 மீட்டர் நடுப்பகுதி அப்படியே நேரா மேல ஏறுறதும், பக்கத்துல பக்கத்துல வச்சு சின்ன மோட்டார் போட்டு ஓட்டிக் காட்டுனப்ப அவங்க அப்பா கண்ணு கலங்கிட்டாரு. அந்த ஒரு நாளுக்கே பதினெட்டாயிரம் வசூலாயிருச்சுன்னு சொல்லுவேன்.

இப்ப கோவம் எதுலன்னு சொல்றேன். கனெக்டர். அவ்வளவுதான், ஒயர போர்டோட சேக்குற சின்ன வெள்ளை கனெக்டர்.

வாங்கி அஞ்சாறு மாசத்துல ஆரம்பிச்சது. ஒம்போது மணி நேர பிரிண்ட்ல ஏழு மணி நேரம் ஒழுங்கா ஓடும், அப்புறம் திடீர்னு நின்னு ஸ்கிரீன்ல எரர் காட்டும். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, வாரத்துக்கு மூணு. வித்தவங்களுக்கு போன் பண்ணா, உருகுன பிளாஸ்டிக் வெளிய வர்ற மூக்கு இருக்குல்ல, அந்த நாசில மாத்துங்கங்கிறாங்க, மாத்துனோம். சாஃப்ட்வேர் ஏத்துங்கங்கிறாங்க, ஏத்துனோம். தூசியா இருக்கும், தொடைச்சு வைங்கன்னாங்க. கடைசில போர்டைக் கழட்டி கண்ணாடி வச்சுப் பாத்தா, செம்புப் பாத்திரத்துல ஏறுமே களிம்பு, அதே பச்சை, சூடு பாக்குற சென்சார் ஒயர் சொருகுற எடத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு.

இதுல நடக்குறது என்னன்னா, அந்த சென்சார் சூடு ஏற ஏற கரண்டுக்கு எதிர்ப்பு கொறையிற வகை. சாதாரண சூட்டுல ஒரு லட்சம் ஓம், 210 டிகிரி ஏறுனா சில நூறு ஓம்தான். அந்த நெலமையில களிம்பு நடுவுல பூந்து அம்பது ஓம் கூட்டிட்டாலே, சூடு கொறஞ்சிருச்சுன்னு போர்டு நெனச்சுக்கும். இன்னும் கரண்ட் குடுக்கும், அப்புறமும் கணக்கு ஒத்து வரலன்னா தீப்பிடிச்சிரக் கூடாதுன்னு தானா நிறுத்திரும். நிறுத்துறது சரிதான், நல்லதுதான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா அம்பது பைசா செலவுல அந்தக் கனெக்டர மூடி அனுப்பியிருக்கலாம்ல? அடியில ஒரு ஃபேன் வேற வச்சு வெளிக்காத்தை நேரா போர்டு மேல ஊதுறாங்க. வாடைக் காத்து அடிக்கிற மாசத்துல எங்க ஊர் சன்னல் கம்பியே ஒரு வருஷத்துல உதிரும், அந்தக் காத்த பூரா அந்த போர்டு மேல ஊதுனா என்னாகும். பூனா பக்கம் பாபல்னு ஒரு கிராமத்துல 2002லயே இந்த மாதிரி பொதுப் பட்டறை வந்துருச்சு, படிக்கப் படிக்க ஆசையா இருக்கும், ஆனா அவங்களுக்குக் கடல் இல்ல. கடக்கரையில பட்டறை வைக்கிறவனுக்கு யாரும் எதுவும் எழுதி வைக்கல.

சரி பண்ணது யாருன்னா படகு எஞ்சின் பாக்குற அண்ணன். அவருக்கு கம்ப்யூட்டர் பழக்கமே இல்ல. களிம்பப் பாத்த ஒடனே, "தம்பி, படகு பேட்டரி டெர்மினலுக்கு நாங்க என்ன பண்றோம்? கிரீஸ் தடவுறோம்ல, காத்து படாம"ன்னாரு. கனெக்டரை சுத்தம் பண்ணி, பொருந்துற எடத்துல மெல்லிசா கிரீஸ் தடவி சொருகுனாரு. எட்டு மாசம் ஒரு எரர் வரல. போன வாரம் மறுபடி வந்ததுக்குக் காரணம், யாரோ ஃபேன் மாத்துறப்ப கிரீஸத் தொடைச்சிட்டாங்க. இப்ப தடவிட்டு மேல எழுதியும் ஒட்டிட்டோம்.

பிலமென்ட், அதான் மெஷினுக்குள்ள விடுற பிளாஸ்டிக் இழை, ஈரம் இழுக்குறது இன்னொரு தொல்ல, ஆனா அதுக்கு வழி கண்டுபிடிச்சாச்சு. மீன் ஏத்துற தெர்மாகோல் பெட்டி, உள்ள ஒரு குண்டு பல்பு, கோழிமுட்டை பொரிக்கிற பெட்டிக்குப் போடுற தெர்மோஸ்டாட். 50 டிகிரி வச்சு எட்டு மணி நேரம். பல்பு தெர்மாகோல்ல படாம தகரம் கட்டணும், அத மறக்காத, ராத்திரி ஆளில்லாம ஓட்டவும் ஓட்டாத.

இந்தப் பெட்டி இல்லன்னா பாசி அக்காவோட விரல் உறை வந்திருக்காது. தீவுப் பக்கம் முங்கி பாறையில மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குற அக்கா அவங்க. பாறை கிழிக்காம இருக்க விரல்ல துணி சுத்திக்குவாங்க, அது தண்ணில நனைஞ்சு கழண்டுக்கும். ரப்பர் மாதிரி வளையிற டிபியூல உறை போட்டுப் பாக்கலாம்னு ஆரம்பிச்சோம். ஈரமான டிபியூ நாசில்ல பட் பட்னு வெடிக்கும், நூலாம்படை மாதிரி இழுக்கும், ஓட்டை ஓட்டையா வரும். காய வச்சு, ரொம்ப மெதுவா ஓட்டுனப்பதான் வழவழன்னு வந்துச்சு. மொத உறை நுனி மூடுனது. போட்டுட்டுப் போயிட்டு வந்து, "உள்ள தண்ணி பூந்து உறிஞ்சிப் புடிச்சுக்குது தம்பி, பாசி எது பாறை எதுன்னும் வெரலுக்குத் தெரியல"ன்னாங்க. நுனியத் தொறந்து விட்டோம், நகத்துப் பக்கம் மட்டும் மூடி. அவங்க கையில நூல் சுத்தி ஒவ்வொரு வெரலுக்கும் தனித்தனியா அளவு எடுத்தேன், அப்பதான் அந்த வெரல்ல இருக்க வெட்டு தழும்பெல்லாம் பக்கத்துல பாத்தேன், எண்ணவே முடியல. மூணாவது தடவ சரியா வந்துச்சு. இப்ப அவங்க கூடப் போற பதினோரு பேருக்கும் கேட்டிருக்காங்க.

அதனால மாப்ள, நான் சொன்னது சொன்னதுதான், இந்த மெஷின வாங்காத. கடலுக்கு இவ்வளவு பக்கத்துல வைக்கிறதுக்கு செஞ்ச சாமான் இல்ல இது, போர்டைக் கழட்டத் தெரியாத எடத்துல ஆறு மாசத்துல மூலையில போட்டு வைப்பீங்க. நாங்க நேத்து கூட்டம் போட்டு ரெண்டாவது மெஷினுக்குப் பணம் கட்டிட்டோம், அதே மாடல். அந்தப் பதினோரு பேர் உறைய ஒத்த மெஷின்ல போட்டு முடிக்க முடியாது, இதோட ஒவ்வொரு ஸ்குரூவும் எங்களுக்கு அத்துப்படி. நீ என் பேச்சக் கேக்காம வாங்குறதா இருந்தா, பெட்டியப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நடை இங்க வா, கிரீஸ் எங்க தடவணும்னு அண்ணன் கையாலயே காட்டச் சொல்றேன்.