தூண்டிவிடுதலா, மூட்டிவிடுதலா?

வதந்தியை நம்பி ஊரும் ஊரும் மோதிக்கொள்வதைப் பற்றி மட்டக்களப்பில் பகிர ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். கலவரத்தைத் 'தூண்டிவிட்டார்கள்' என்பதா, 'மூட்டிவிட்டார்கள்' என்பதா? நான் எடுத்தது மூட்டிவிடுதல்.

இதே பொருளுக்கு நினைவில் வந்த மற்றச் சொற்களைச் சீக்கிரம் கழித்துவிடலாம். உசுப்பேற்றுவது ஓர் ஆளோடு முடிகிறது. சிண்டு முடிவது சொந்தபந்தச் சண்டைக்குச் சரி. கிளர்ச்சியோ உரிமைக்காக எழுவதையும் குறிக்கும். அதை வதந்திக்காரர்களுக்குக் கொடுக்க மனமில்லை.

தூண்டுதல் விளக்கிலிருந்து வந்த சொல். திரியை மேலே தள்ளி, மங்கிய சுடரைப் பெரிதாக்குவது. அதற்கான குச்சிதான் தூண்டுகோல். நல்லதற்கும் தூண்டலாம், பிள்ளையின் ஆர்வத்தைக்கூட. ஆனால் தூண்ட வேண்டுமென்றால் விளக்கு முதலே எரிந்துகொண்டிருக்க வேண்டும். என்னைத் தடுத்தது அதுதான். 'மக்கள் தூண்டப்பட்டார்கள்' என்று எழுதினால் நெருப்பு மக்களிடமே இருந்தது போலாகிறது, தூண்டிய கையும் மறைந்துவிடுகிறது.

மூட்டுவது அடுப்படிச் சொல். விறகு அடுக்கி, சருகு செருகி, ஒருவர் குனிந்து ஊதினால்தான் தீ பிடிக்கும். கோள் மூட்டுவது, பகை மூட்டுவது எல்லாம் அப்படித்தான். கேட்டதுமே 'ஆர் மூட்டினது?' என்ற கேள்வி வருகிறது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் உணவில் மலடாக்கும் மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கட்டினார்கள். பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. கறிக்குள் கிடந்த ஒரு மாவுக்கட்டியை வைத்து ஊரையே எரிக்கப் பார்த்ததை மூட்டிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். (கலகம் மூட்டுவதைச் சொல்லும் ஆங்கிலத்தின் ஃபொமென்ட்டும் சூட்டிலிருந்து வந்ததுதான்: இலத்தீனில் சூடான ஒத்தடம். 17ஆம் நூற்றாண்டில் அது கலகத்துக்கும் ஆனது.)

சட்ட எழுத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. பகைமைக்கும் வன்முறைக்கும் தூண்டும் வெறுப்புப் பிரசாரத்தைத் தடுக்கும் இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், 3ஆம் பிரிவு பற்றி எழுதும்போது 'தூண்டுதல்' என்றே விட்டுவிடுவேன். வழக்கில் நிலைத்த சொல்லை நான் மாற்றினால் பொருள் குழம்பக்கூடும். ஊருக்குப் போகும் தாளில் மட்டும் 'மூட்டிவிட்டவர்கள்' என்றே அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.