4 சேனல் டிவிஆர்: பெட்டி நன்று, அடாப்டர் போதாது

சிசிடிவி கேமராப் படங்களைப் பதிவு செய்யும் இந்தப் பெட்டியின் படத் தெளிவில் குறையில்லை. கூடவே வரும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர்தான் பலவீனம். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் தனியாகவே கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். வேலூர்க் கத்திரி வெயிலில், மூடிய அலமாரிக்குள் அடாப்டரின் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் வோல்ட்டேஜ் சரியும்; டிஸ்க் 'டக் டக்' என்னும், பெட்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். அவசரப்பட்டு டிஸ்க்கை மாற்றாதீர்கள், பாவம், அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பெட்டி ஓடும்போதே மல்டிமீட்டரில் பாருங்கள்: 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். பெட்டியில் செருகும் முனையின் அளவும் பிளஸ்-மைனஸ் துருவமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கேமராக்களுக்குத் தனி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை); அதுவும் பெட்டியின் அடாப்டரும் யுபிஎஸ்ஸில். கரண்ட் போய்வந்ததும் தேதி மாறினால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும்.