நிழலா, தொடுவானமா, கிரகணமா: பூமியின் வளைவை அளக்க எந்தச் சோதனையை நம்பலாம்?

பூமி உருண்டை என்பதை நம்மில் பெரும்பாலோர் பாடப்புத்தகத்தில் படித்து ஏற்றுக்கொண்டவர்கள்தான். "நீ அளந்து பார்த்தாயா?" என்று ஒரு சிறுவன் கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவோம். அந்தக் கேள்வியில் தவறே இல்லை. ஆய்வுக்கூடம் இல்லாமல், கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அளந்து பார்க்கப் பல வழிகள் உண்டு. ஆனால் எல்லா வழிகளும் ஒரே தரத்தவை அல்ல. சில வழிகள் சரியான எண்ணைத் தந்தாலும் எதையும் நிரூபிப்பதில்லை. சிலவற்றில் எண் சற்றுப் பிசகினாலும், பூமி தட்டை என்ற விளக்கத்துக்கு அவை இடமே தருவதில்லை. இந்த இரண்டாவது வகையைத்தான் நான் மேலாக மதிக்கிறேன். கீழே உள்ள ஒப்பீட்டுக்கும் அதுவே அளவுகோல்.

பலரும் முதலில் முயல்வது நீர்ப்பரப்பின் மேல் பார்ப்பதைத்தான். நீண்ட ஏரியின் ஒரு கரையில் கேமராவை வைத்து, மறுகரையில் உள்ள பொருளின் அடிப்பகுதி மறைகிறதா என்று பார்ப்பார்கள். கணக்கு எளிது. தொலைவைக் கிலோமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 7.85ஆல் பெருக்கினால், தொடுகோட்டிலிருந்து பூமி எத்தனை சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்பது கிடைக்கும். 10 கிலோமீட்டருக்கு அது 7.85 மீட்டர். இவ்வளவு பெரிய எண் கிடைப்பதால் இந்தச் சோதனை கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் எனக்கு மிகக் குறைவான நம்பிக்கை இருப்பது இதன் மீதுதான்.

காரணம் காற்று. குளிர்ந்த நீரின் மேல் படிந்திருக்கும் காற்று, அதற்கு மேலே உள்ள காற்றைவிட அடர்த்தியானது. அந்த அடுக்குகளின் ஊடே செல்லும் ஒளி கீழ்நோக்கி வளைகிறது. சில நாள்களில் அது ஏறக்குறைய பூமியின் வளைவோடு சேர்ந்தே வளைந்து செல்லும். அப்போது மறைந்திருக்க வேண்டிய பொருள் முழுதாகத் தெரியும். 1838இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் கால்வாயில் சாமுவேல் ரோபாதம் என்பவருக்கு நேர்ந்தது இதுதான். நீர்மட்டத்திலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணை வைத்து, ஏறத்தாழ 9.7 கிலோமீட்டர் தூரம் சென்ற படகைக் கடைசிவரை பார்த்ததாகச் சொல்லி, பூமி தட்டை என்று முடிவு கட்டினார்.

1870இல் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், 500 பவுண்டு பந்தயத்தை ஏற்று அதே கால்வாயில் அதே சோதனையை மாற்றிச் செய்தார். நிலத்தை அளந்து பழகியவர் என்பதால் பார்வைக்கோட்டை நீரிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் உயர்த்தினார். இரு முனைகளிலும் நடுவிலும் நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் குறிகளை வைத்தார். பூமி தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். நடுக்குறியோ மேலே தூக்கலாகத் தெரிந்தது. ஒளிவிலகலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்த எழுச்சி ஏறத்தாழ 1.8 மீட்டர் இருக்க வேண்டும். ஒளிவிலகல் அதைச் சற்றுக் குறைக்கும். நடுவர் வாலஸ் பக்கம் தீர்ப்பளித்தார். அதன் பிறகும் தகராறு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இழுத்துக்கொண்டே போனது.

ஏரிச் சோதனையில் இறங்குபவர்கள் வாலஸ் செய்த அந்த இரண்டு மாற்றங்களையும் விடாமல் பின்பற்ற வேண்டும். நீர்ப்பரப்பை ஒட்டிப் பார்க்கக் கூடாது. நடுவில் ஒரு குறி கட்டாயம் வேண்டும். வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு நேரங்களில் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு நாள் எடுத்த ஒரு படத்தை வைத்து, உருண்டை என்றோ தட்டை என்றோ எதையும் சொல்லிவிட முடியாது. லேசர் விளக்கைப் பயன்படுத்தினாலும் இந்தச் சிக்கல் தீராது. அதுவும் ஒளிதான், அதே காற்றில் அப்படியே வளையும். போதாக்குறைக்கு, கையடக்க லேசரின் கற்றை சில கிலோமீட்டர் போவதற்குள் விரிந்து பெரிய மங்கல் வட்டமாகிவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அழகான ஒரு சோதனை உண்டு. மணலில் படுத்துக்கொண்டு சூரியனின் கடைசிப் புள்ளி மறையும் கணத்தில் ஸ்டாப்வாட்சை ஓடவிட வேண்டும். உடனே எழுந்து நின்றால் சூரியனின் விளிம்பு மீண்டும் தெரியும். அது இரண்டாம் முறை மறையும்போது ஸ்டாப்வாட்சை நிறுத்த வேண்டும். ஒரே மாலையில் இரண்டு அஸ்தமனங்கள்! முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கணக்குப் போட்டபோதுதான் பூமியின் ஆரம் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் என்று வந்தது. உண்மையில் அது 6,371 கிலோமீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. படுத்திருந்தபோது என் கண் தரையோடு தரையாக இல்லை, 20 சென்டிமீட்டர் மேலே இருந்தது. நின்றபோது 1.7 மீட்டர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 1.5 மீட்டரை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் தொடுவானம் விலகிச் செல்வது உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் தரையை ஒட்டிய முதல் 20 சென்டிமீட்டருக்கு, அதன் அளவோடு பார்த்தால் மிகப் பெரிய பங்கு உண்டு. கண் உண்மையிலேயே கடல்மட்டத்தில் இருந்திருந்தால் நேர வேறுபாடு 10 வினாடி வந்திருக்கும். எனக்குக் கிடைத்தது 6.6 வினாடி. இரு உயரங்களின் வர்க்கமூலங்களைக் கழித்து மீண்டும் கணக்கிட்டபோது 6,340 கிலோமீட்டர் என்று வந்தது.

அந்த எண்ணை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. இவ்வளவு சிறிய உயரத்தில் ஒரு வினாடி முன்பின்னாக அழுத்தினாலே ஆரம் 30 விழுக்காடு மாறிவிடும். அலை அரை மீட்டர் எழும்பினால் கணக்கு அடியோடு கெட்டுவிடும். ஆனால் ஒருவர் கரையில் நின்றுகொண்டு, மற்றொருவர் 50 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் மேலே நின்று, தொலைபேசியில் பேசியபடியே நேரம் பார்த்தால் இடைவெளி 44 வினாடியாகிறது. அப்போது ஒரு வினாடிப் பிழை ஆரத்தில் ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கு நிலநடுக்கோட்டுக்கு அருகே, சம இரவு நாள்களில் நேராகப் பொருந்தும். மற்ற இடங்களில் சூரியன் சாய்வாக இறங்குவதால் நேரம் நீளும்; அதற்கான திருத்தத்தைச் செய்ய வேண்டும்.

மலையேறுபவர்களுக்கு இடைக்கால வானியலாளர் அல்-பிருனியின் வழி ஏற்றது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டை அருகே, ஒரு மலையின் உயரத்தை அளந்துவிட்டு, உச்சியிலிருந்து பார்க்கும்போது தொடுவானம் கிடைமட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்பதையும் அவர் அளந்தார். அந்த இரண்டு எண்களே போதும், பூமியின் ஆரம் கிடைத்துவிடும். அவர் கையில் இருந்த கோணமானி நம்மிடம் இல்லை. ஆனால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் தண்ணீர்க்குழாய் இருக்கிறது. அதை ஒரு மீட்டர் நீளப் பலகையில், இரண்டு முனைகளும் மேல்நோக்கி நிற்குமாறு கட்டி, சாயம் கலந்த நீரை ஊற்ற வேண்டும். இரண்டு நீர்மட்டங்களும் ஒரே கோட்டில் படும்படி கண்ணை வைத்துப் பார்த்தால் அதுவே உண்மையான கிடைமட்டம். கடலைப் பார்த்த 100 மீட்டர் உயர மேட்டிலிருந்து நோக்கினால், எதிர்முனைக் குழாயில் நீர்மட்டத்துக்கு ஐந்தரை மில்லிமீட்டர் கீழே கடலின் விளிம்பு தெரியும்.

குழாயின் சுவரை ஒட்டி நீர் சற்று ஏறி நிற்பதால், நீர்க்கோடு ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பட்டையாகத் தெரியும். ஆகவே ஆரத்தைத் துல்லியமாகக் கணக்கிட இந்தக் கருவி போதாது. 400 மீட்டர் உயரம் ஏறினால் இறக்கம் இரண்டு மடங்காகும்; பலகையின் நீளத்தை இரட்டித்தால் இன்னும் இரண்டு மடங்கு. இருந்தாலும் எண்ணைவிட அந்தக் காட்சிக்கே மதிப்பு அதிகம். எல்லையில்லாத தட்டைப் பரப்பில் எவ்வளவு உயரம் ஏறினாலும் தொடுவானம் கண்மட்டத்திலேயே நிற்க வேண்டும். ஏற ஏற அது நீர்க்கோட்டுக்குக் கீழே இறங்குவதை நம் கண்ணாலேயே பார்க்கலாம்.

பலூனில் கேமராவை அனுப்புவது இப்போது பெருகிவரும் பழக்கம். 30 கிலோமீட்டர் உயரத்தில் தொடுவானம் ஐந்தரை டிகிரி இறங்கித் தெரியும், வளைவும் உண்மையாகவே தெரியும். ஆனால் அகலக்கோண லென்ஸ் நேர்க்கோட்டையும் வளைத்துக் காட்டும். தொடுவானம் படத்தின் மேல்பாதியில் இருந்தால் மேல்நோக்கி வளையும், கீழ்ப்பாதியில் இருந்தால் கீழ்நோக்கி வளையும். சட்டகத்தின் நட்டநடுவே தொடுவானம் செல்லும் படங்களை மட்டுமே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். செலவும் அதிகம், விமானப் போக்குவரத்துத் துறையின் விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். பலூனுக்கு ஆகும் பணத்துக்கு வேறு பத்துச் சோதனைகளைச் செய்துவிடலாம்.

சந்திர கிரகணம் செலவில்லாத வாய்ப்பு. பகுதி மறைந்திருக்கும் நிலவைப் படம் எடுத்து, நிழலின் விளிம்பில் மூன்று புள்ளிகளைக் குறித்து அவற்றின் வழியே வட்டம் வரைந்தால், அது நிலவைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்கு அகலம் இருக்கும். சூரியன் ஒரு புள்ளி அல்ல என்பதால் பூமியின் நிழல் போகப் போகக் குறுகி, நிலவை எட்டும்போது ஏறக்குறைய ஒரு நிலவின் அகலத்தை இழந்திருக்கும். அதைத் திரும்பக் கூட்டினால் பூமி நிலவைவிட 3.6 மடங்கு பெரியது என்று கிடைக்கும். சரியான அளவு 3.67. தட்டையான வட்டத்தகடும் வட்ட நிழலைத் தரும் என்று யாராவது வாதிட்டால், நிலவு எழும்போது, நள்ளிரவில், மறையும்போது என்று வெவ்வேறு நேரங்களில் நடந்த கிரகணங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். தகடு என்றால் அது திரும்பும்போது நிழல் நீள்வட்டமாகியிருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்ட நிழல் தருவது கோளம் மட்டுமே. இந்த முறையில் கிலோமீட்டர் கிடைக்காது என்பது ஒன்றுதான் குறை.

கடைசியாக, பண்டைக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸின் நிழல். தெற்கு எகிப்தில் உள்ள சையீனில் கோடைக்காலச் சூரியன் தலைக்கு மேலே நின்றபோது அலெக்சாந்திரியாவில் 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. அது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். பள்ளிகளில் அடிக்கடி செய்து காட்டப்படும் சோதனை இது. ஆனால் இரண்டு குச்சிகளை வைத்துச் செய்தால் இது பூமியின் வளைவை நிரூபிக்காது. பலர் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான். பூமி தட்டை, சூரியன் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அதே இரண்டு நிழல்கள் கிடைக்கும். பண்டைச் சீன வானியலாளர்கள் இதே நிழல்களிலிருந்து, தட்டைப் பூமியின் மேல் சூரியனின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். 8ஆம் நூற்றாண்டில் யி ஷிங் என்ற துறவியின் தலைமையில் பல இடங்களில் அளந்து பார்த்த பிறகுதான் அவர்களுடைய பழைய விதி பொய்த்தது.

மூன்றாவதாக ஒரு குச்சியைச் சேர்த்தால் நிலைமை தலைகீழாகும். சம இரவு நாளில், அட்சரேகை 10, 30, 50 டிகிரியில் உள்ள மூவர், ஒரு மீட்டர் குச்சியின் உச்சிப்பொழுது நிழலை அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிழல்கள் முறையே 17.6, 57.7, 119.2 சென்டிமீட்டர் இருக்கும். அடுத்தடுத்த இருவருக்கிடையே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 2,224 கிலோமீட்டர். தட்டைப் பூமி என்று கொண்டால், முதல் இரண்டு நிழல்கள் சூரியன் 5,545 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்கின்றன. பின் இரண்டு நிழல்கள் 3,620 கிலோமீட்டர் என்கின்றன. ஒரே நாளில் ஒரே சூரியன் இரண்டு உயரங்களில் இருக்க முடியாது. உருண்டைக் கணக்கிலோ இரண்டு இடைவெளிகளும் தலா 20 டிகிரி. சுற்றளவு 40,032 கிலோமீட்டர்.

செய்முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. குச்சியின் நிழல் நுனி கூர்மையாக விழாது. சூரியன் அரை டிகிரி அகலமுள்ள வட்டம் என்பதால், சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போதே ஒரு மீட்டர் குச்சியின் நுனி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மங்கலாகக் கரையும். சாயச் சாய மங்கல் கூடும். குச்சியின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையைப் பொருத்தினால், நிழலுக்கு நடுவே சூரியனின் சிறிய ஒளிவட்டம் விழும். அதன் மையத்தைப் பென்சிலால் குறிப்பது எளிது. துளைக்கு நேர்கீழே உள்ள இடத்தைத் தூக்குக்குண்டு காட்டும். கடிகாரத்தின் 12 மணியை நம்ப வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வந்து, மிகக் குறுகிய நிழலை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் மூவரும் ஒரே தீர்க்கரேகையில் இருக்க வேண்டியதில்லை. அளவு ஒரே நாளில் எடுக்கப்பட்டால் போதும்.

தூரத்தை வரைபடச் செயலியில் எடுத்தால், அது பூமியை உருண்டையாக வைத்துக் கணக்கிட்ட எண்தானே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ரயில் பாதையின் கிலோமீட்டர் கற்களையோ வாகனத்தின் ஓடுமானியையோ கொண்டு தூரத்தைத் தனியாகச் சரிபார்த்து, பாதை வளைந்து செல்வதற்காகச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டும், அஸ்தமனத்துக்குத் தெளிந்த கடல் வேண்டும், ஏரிக்கு நல்ல காற்று வேண்டும். நிழல் சோதனைக்குத் தேவை தொலைவில் இருக்கும் இரண்டு நண்பர்கள் மட்டுமே. அடுத்த சம இரவு நாளுக்கு இப்போதே அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவையுங்கள். மேகம் மறைத்தால் மறுநாள் அளக்கலாம், மூவரும் அதே மறுநாளில் அளந்தால் சரி.