வெந்நீர் வலிப்பும் அல்சூர் நரம்பியல் கிளினிக்கும்

பெங்களூரு அல்சூரில் என் மகனைக் காட்டிவரும் நரம்பியல் கிளினிக் மிகச் சிறியது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தலைக்குக் குளிக்கும்போது இரண்டு முறை வலிப்பு வந்ததால் அங்கே போனோம்.

மருத்துவர் பரிசோதனை எதையும் எழுதுவதற்கு முன், இரண்டு முறையும் உடனிருந்த என் மாமியாரை எதிரில் உட்காரவைத்தார். "தண்ணீர் எவ்வளவு சூடும்மா? தலையிலேயே ஊற்றினீர்களா? கண் எந்தப் பக்கம் திரும்பியது?" என்று அவர் பொறுமையாகக் கேட்கக் கேட்க, எண்ணெய் தேய்த்துவிட்டுச் செம்பால் மொண்டு மொண்டு ஊற்றியதை அத்தை கையாலேயே செய்து காட்டினார். வெந்நீர் வலிப்பு என்றே ஒரு வகை உண்டு என்பதும், தென் கர்நாடகத்தில் அது அதிகம் காணப்படுகிறது என்பதும், பெங்களூரிலுள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தன.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை எடுப்பதற்கு முந்தைய இரவு குறைவாகத் தூங்கவைத்து, தலையில் எண்ணெய் இல்லாமல் அழைத்து வரச் சொன்னார்கள். பசை தடவிக் கம்பிகளைப் பொருத்தி, மூன்று நிமிடம் ஆழமாக மூச்சுவிடச் செய்து, விளக்கை விட்டுவிட்டு மின்னவைத்துப் பதிவு செய்தார்கள். முடிவு நார்மல் என்றே வந்தது. முன்பு காட்டிய இடத்தில் இதே நார்மலைச் சொல்லித்தான் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். வலிப்பு வராத நேரத்துப் பதிவு சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பதை இவர்தான் விளக்கினார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், தலையில் மொண்டு ஊற்றக் கூடாது, தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் முன்கூட்டியே க்ளோபாஸாம் என்ற வலிப்புத் தடுப்பு மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது அவனுக்கு எழுதித் தந்த சிகிச்சை.

செவிலியர் என் மகனையே கட்டிலில் படுக்கவைத்து, ஒருக்களித்துத் திருப்பும் முறையைக் காட்டினார். இரும்புச் சாவியைக் கையில் திணித்ததால்தான் வலிப்பு நின்றது என்று அத்தை நம்பியிருந்தார். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அது தானாகவே நிற்கும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள் என்று செவிலியர் அத்தையின் மனம் நோகாமல் எடுத்துச் சொன்ன விதம் எனக்கு மிகுந்த ஆறுதல் அளித்தது.

சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்போரில் பாதிப் பேர் தமிழ் பேசும்போது, முதலுதவித் தாள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருப்பது பெரிய குறை. செல்பவர்கள், வலிப்பு வந்தபோது அருகில் இருந்தவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் எடுத்த காணொளி இருந்தால் அதையும் காட்டுங்கள்.